டிவைஸ் ட்ரீ (வன்பொருள் விவரணக் கோப்பு)

ஒரு கணினிப் பலகையில் எந்தச் சில்லு எந்த முகவரியில், எந்தக் கம்பியில் இருக்கிறது என்பதை இயங்குதளத்தின் மைய நிரலான கெர்னலுக்குச் சொல்லும் கோப்பே டிவைஸ் ட்ரீ. யுஎஸ்பியில் செருகிய கருவி தன்னைத் தானே அறிமுகப்படுத்திக்கொள்ளும். ராஸ்பெரி பை போன்ற ஒற்றைப்பலகைக் கணினியில் இரண்டு கம்பிகளில் இணைத்த உணரிக்கு அந்த வசதி இல்லை. அது இருப்பதை யாராவது எழுதிவைத்தால்தான் கெர்னலுக்குத் தெரியும்.

இந்த ஏற்பாடு 1994இல் தரப்படுத்தப்பட்ட ஓப்பன் ஃபர்ம்வேர் என்ற தொடக்கநிரல் தரத்திலிருந்து வந்தது. ஆர்ம் வகைச் செயலி கொண்ட பலகை ஒவ்வொன்றுக்கும் தனி நிரல் சேர்ந்து லினக்ஸ் கெர்னல் வீங்குவதை அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2011இல் கடுமையாகக் கண்டித்தார். அதன்பின் ஆர்ம் உலகம் விரைவாக டிவைஸ் ட்ரீக்கு மாறியது. 2012இல் வெளிவந்த ராஸ்பெரி பையும் 2015 முதல் இதையே பின்பற்றுகிறது.

இலங்கையின் மலையகத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றை எடுத்துக்கொண்டால் இதன் தேவை தெளிவாகும். பகலில் பறித்த கொழுந்தை இரவு முழுக்க வாட்டுவார்கள். ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானிகளின் வித்தியாசத்தைப் பார்த்தே காற்றோட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்வார்கள். வாட்டும் மாடியில் பிஎம்இ280 உணரியுடன் ஒரு பலகையை வைத்தால், வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் இரவெல்லாம் பதியலாம். ஆனால் ராஸ்பெரி பை 4 வரையிலான மாதிரிகளில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. அட்டனிலோ தலவாக்கலையிலோ பருவமழையில் மின்சாரம் போய், இணையமும் இல்லாத நேரத்தில் பலகை மீண்டும் எழுந்தால், கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்தே எண்ணத் தொடங்கும். வாட்டத்தில் மணிக்கணக்குதான் முக்கியம். நேரம் தவறிய பதிவால் பயனில்லை. டிஎஸ்3231 கடிகாரச் சில்லைப் பொருத்தி, அதற்கான ஓவர்லே கோப்பை, அதாவது டிவைஸ் ட்ரீயோடு சேரும் கூடுதல் விவரணத்தை, மெமரி கார்டில் இயக்குவதே இதற்குத் தீர்வு.

கார்டின் முதற்பகுதி ஃபேட் வடிவிலானது. எந்த மடிக்கணினியிலும் திறக்கும். பலகைக்கான டிடிபி கோப்பும் (கெர்னல் படிக்கும் வடிவிலான டிவைஸ் ட்ரீ) கெர்னலும் அங்கேதான் இருக்கும். கூடுதல் சில்லுகளுக்கான ஓவர்லேகள் தனி அடைவில் இருக்கும். எந்த ஓவர்லேயை ஏற்றுவது என்பதைக் கன்ஃபிக் கோப்பின் ஒரு வரி சொல்லும். கெர்னல், டிடிபி, ஓவர்லே மூன்றும் ஒரே வெளியீட்டைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றுவதே பெரும்பாலான கோளாறுகளுக்குக் காரணம். கெர்னல் 4.4 காலத்தில் ஓவர்லேக் கோப்புகளின் பெயர்முடிவே மாறியது. பழையதையும் புதியதையும் கலந்தவர்கள் அப்போது திண்டாடினார்கள்.

கார்டைப் பலகையில் வைத்தபடியே இந்தக் கோப்புகளைப் புதுப்பிப்பதைவிட, பலகையை முறையாக அணைத்துக் கார்டைக் கழற்றி மடிக்கணினியில் மாற்றுவதே மலைப்பகுதிக்கு நல்லது. எழுதும்போது மின்சாரம் போனால் கோப்பு அரைகுறையாகிவிடும். மடிக்கணினிக்குப் பேட்டரி உண்டு. முதலில் கார்டின் முதற்பகுதி முழுவதையும் பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். மாற்றி முடித்ததும் பாதுகாப்பாக வெளியேற்றிய பிறகே கார்டை உருவ வேண்டும்.

பலகையின் பச்சை விளக்கு ஏழு முறை மினுக்கினால் கெர்னல் கோப்பு கிடைக்கவில்லை என்று பொருள். ஓவர்லேயின் பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் விளக்கில் எந்த அடையாளமும் தெரியாது. பலகை வழக்கம்போல எழும், கடிகாரம் மட்டும் இருக்காது. எனவே பலகை எழுந்ததும் கெர்னல் தன் நிலையைக் காட்டும் ப்ராக் (/proc) அடைவிலுள்ள டிவைஸ் ட்ரீ கிளையில் டிஎஸ்3231 தென்படுகிறதா என்று பார்க்க வேண்டும். பின்பு வலையிணைப்பைத் துண்டித்து, பலகையை அணைத்து, சற்று நேரம் கழித்து எழுப்பி, கடிகாரத்தைக் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்ட பிறகே வாட்டும் மாடிக்குக் கொண்டுபோகலாம்.