போரைப் பழித்தவர்; வீரரைப் போற்றியவர்

பிறந்த நாட்டின்பால் பற்றுக் கொள்வது மனிதர்க்கு இயல்பு. அப்பற்றே சில வேளைகளில் கண்ணை மறைக்கும் திரையாகவும் ஆகிவிடுகிறது. நாடு போரில் இறங்கியதும், 'இப்போர் தேவைதானா?' என வினவுவோர் களத்தில் நிற்கும் வீரர்க்குப் பகைவர் எனத் தூற்றப்படுகின்றனர். போரை எதிர்ப்பது வேறு, வீரரை வெறுப்பது வேறு என்பதற்கு முதல் உலகப் போர் தந்த சான்று, ஆங்கிலக் கவிஞர் சீக்பிரைட் சசூன்.

மும்பைவாழ் தமிழர்க்குச் சசூன் என்னும் பெயர் புதிதன்று. கொலாபாவில் 1875இல் எழுந்த சசூன் டாக் அக்குடும்பத்தார் அமைத்ததே. பாக்தாத்திலிருந்து மும்பைக்கு வந்து பெருவணிகரான யூதர் டேவிட் சசூனின் கொள்ளுப்பேரனே இக்கவிஞர். 1886இல் இங்கிலாந்தில் பிறந்த இவர், 1914இல் போர் மூண்டபோது தாமே முன்வந்து படையில் சேர்ந்தார்.

அந்நாளில் அங்கே நாட்டுப்பற்று எவ்வடிவம் கொண்டிருந்தது? 1914 ஆகஸ்டில் போக்ஸ்டன் நகரில் கடற்படைத் தளபதி ஒருவர் பெண்களைத் திரட்டி, சீருடை அணியாத இளைஞர்க்கு வெள்ளை இறகு வழங்கச் செய்தார். 'நீ கோழை' என்பதே அதன் பொருள். வழக்கம் நாடெங்கும் பரவியது. விடுப்பில் வந்த வீரர்க்கும், காயமுற்று ஊர் திரும்பியவர்க்கும்கூட அவ்விறகு நீட்டப்பட்டது. காயத்தாலும் நோயாலும் படையிலிருந்து விடுவிக்கப்பட்டோர்க்கு 1916இல் அரசு வெள்ளிச் சின்னம் வழங்க நேர்ந்தது. வீரரைப் போற்றப் புறப்பட்ட ஆரவாரம் வீரரையே இழிவுபடுத்திற்று.

சசூனைக் கோழை எனக் கூற எவராலும் இயலாது. 1916 மே மாதத்தில், குண்டு மழைக்கிடையே ஒன்றரை மணி நேரம் நின்று, காயமுற்ற தோழர்களைத் தூக்கி வந்தமைக்காக அவருக்கு மிலிட்டரி கிராஸ் என்னும் விருது அளிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலை 1ஆம் நாள் சோம் போர்க்களத்தில் பிரிட்டிஷ் படையினர் 19,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அக்கொடுமையை அவர் அண்மையிலிருந்து கண்டார்.

1917இல் தோளில் குண்டடிபட்டுத் தாயகம் திரும்பியவர், அறிக்கை ஒன்றைத் தம் மேலதிகாரிக்கு அனுப்பினார். தற்காப்புக்கெனத் தொடங்கிய போர், பிறநாடு கவரும் போராக மாறிவிட்டது என்பது அவர் குற்றச்சாட்டு. படை நடத்தப்படும் முறையைத் தாம் குறைகூறவில்லை என்றும், அரசியலாரின் பிழைகளையும் வாய்மையின்மையையுமே எதிர்ப்பதாகவும் அதில் தெளிவுறுத்தினார். ஜூலை 30ஆம் நாள் நாடாளுமன்றத்தில் அவ்வறிக்கை படிக்கப்பட்டது.

படை நீதிமன்றத்தில் நிறுத்தினால் வீரர் ஒருவரின் குரல் நாடெங்கும் ஒலிக்கும். நண்பர் ராபர்ட் கிரேவ்ஸோ, சசூனைக் காக்க விரும்பி மருத்துவக் குழுமுன் நிற்க இணங்கவைத்தார். குழு அவரை நரம்புத் தளர்ச்சியுற்றவர் என முடிவு செய்து, எடின்பரோ அருகே கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனைக்கு அனுப்பியது. உண்மை உரைத்தவர் நோயாளியானார். வினா விடையின்றி நின்றது.

அங்கே அவரைக் கவனித்த மருத்துவர் ரிவர்ஸ் நமக்கு அயலவர் அல்லர். நீலகிரித் தோடர்களை நேரில் ஆராய்ந்து 1906இல் பெருநூல் வெளியிட்டவர் அவரே. அவருடன் நிகழ்ந்த நெடிய உரையாடல்களுக்குப் பின், சசூன் மீண்டும் களம் செல்ல முன்வந்தார். கருத்து மாறியதாலன்று, தம் தோழர்கள் மடிந்துகொண்டிருக்கையில் தாம் மட்டும் பாதுகாப்பாக இருத்தல் தகாது என்பதால். 1918 ஜூலையில், பகைவர் எனத் தவறாக எண்ணிய தம் படையினர் ஒருவராலேயே தலையில் சுடப்பட்டார். எனினும் உயிர் பிழைத்தார்.

தாம் கண்டித்த போருக்கே மீண்டும் தோள் கொடுத்தது முரண் அன்றோ எனச் சிலர் வினவலாம். முரண்தான், ஆனால் அம்முரணை உண்டாக்கியவர் அவரல்லர். நாட்டின் பெயரால் நடப்பன யாவும் நாட்டுக்கு நல்லவையே எனக் கொள்வோர், அன்புக்கும் வாய்மைக்கும் இடையே நல்லோரை இவ்வாறு அலைக்கழிக்கின்றனர். போரைக் குறைகூறினால் வீரர் மனம் தளரும் என்னும் அச்சம் பொருளற்றதன்று. அதனினும் பெரிய கேடு, எதற்காக மடிகிறோம் என வீரர் கேளாமலும், அவர் பொருட்டு நாம் கேளாமலும் இருப்பது. வாழ்த்தொலி எழுப்புதல் எளிது. ஓர் உயிரைக் களத்துக்கு அனுப்புமுன் தக்க காரணம் உண்டா எனக் கேட்பதே வீரர்க்கு நாம் செலுத்தும் முதல் மரியாதை.