செயலூக்கக் கசடு முறை

செயலூக்கக் கசடு முறை என்பது கழிவுநீரைத் தொட்டியில் வாங்கிக் காற்றூட்டி, அதில் கரைந்தும் மிதந்தும் உள்ள கரிமப் பொருள்களைப் பாக்டீரியாக்கள் உண்டு தீர்க்கும்படி செய்யும் சுத்திகரிப்பு முறை. உண்டு பெருகிய பாக்டீரியாக்கள் அடுத்த தொட்டியில் கசடாகப் படிகின்றன. அந்தக் கசட்டின் பெரும்பகுதி காற்றூட்டும் தொட்டிக்கே திரும்பிப் போகிறது; மேலே தெளிந்த நீர் வெளியேறுகிறது. சுத்திகரிப்பு நிலையங்களில் இதை ‘ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ்’ என்றும் சுருக்கமாக ‘ஏ.எஸ்.பி.’ என்றும் சொல்வார்கள். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 1914-இல் அறிவிக்கப்பட்ட இந்த முறைதான் இன்று பெருநகரக் கழிவுநீருக்கு உலகில் மிகப் பரவலாகக் கையாளப்படுகிறது.

இதற்கு வேண்டிய பாக்டீரியாக்களை எங்கிருந்தும் கொண்டுவர வேண்டியதில்லை. ஒரு மில்லிலிட்டர் சாக்கடை நீரிலேயே பத்து லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. ஓடுகிற நீரோடு அவை ஓடிவிடாமல் பிடித்து நிறுத்துவதில்தான் இந்த முறையின் முழுத் திறமையும் அடங்கியிருக்கிறது.

தோற்றம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் ஆலை நகரங்கள் சாக்கடை நீரை வயல்களில் பாய்ச்சியும் சுண்ணாம்பு கலந்து படியவைத்தும் பார்த்தன. மக்கள்தொகைக்கு ஈடாக நிலம் கிடைக்கவில்லை; சுண்ணாம்பிட்டுப் படியவைத்த நீர் ஆற்றில் கலந்ததும் மறுபடி நாறியது. அமெரிக்காவில், மசாசூசெட்ஸ் மாநிலத்தின் லாரன்ஸ் ஊரில் 1887-இல் தொடங்கிய ஆய்வு நிலையம், சரளைக்கல் படுகையின் மேல் கழிவுநீரை விட்டுவிட்டுப் பாய்ச்சினால் கற்களில் ஒட்டி வளரும் நுண்ணுயிர்களே அதைச் சுத்தம் செய்கின்றன என்று காட்டியது. சொட்டு வடிப்பான்கள் இந்த வழியில் வந்தவை. அவை நன்றாக வேலை செய்தன. இடத்தை மட்டும் ஏராளமாக அடைத்துக்கொண்டன.

மான்செஸ்டர் நகரசபைக்கு ஆலோசகராக இருந்த கில்பர்ட் ஃபௌலர் 1912-இல் லாரன்ஸுக்குப் போனார். அங்கே கல் படுகை எதுவும் இல்லாமல், பாட்டிலில் இருந்த கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்தியே சுத்தம் செய்யும் சோதனைகள் நடந்துகொண்டிருந்தன. ஊர் திரும்பியதும் அதையே டேவிஹூம் சுத்திகரிப்பு நிலையத்தில் செய்து பார்க்கும்படி எட்வர்ட் ஆர்டன், வில்லியம் லாக்கெட் என்ற இரு வேதியியலாளர்களுக்கு யோசனை சொன்னார். அவர்கள் பாசி வளராதபடி கண்ணாடிப் பாட்டில்களைப் பழுப்புத் தாளால் மூடி, உள்ளே காற்றைச் செலுத்தினார்கள். முதல் தடவை நீர் முழுமையாகச் சுத்தமாக ஏறத்தாழ ஐந்து வாரம் பிடித்தது. அவ்வளவு காலம் எடுத்துக்கொள்ளும் முறையால் எந்த நகரத்துக்கும் பயனில்லை.

அடுத்து அவர்கள் செய்தது மிக எளிய காரியம். தெளிந்த நீரை வடித்துவிட்டு, அடியில் படிந்த பழுப்புக் கசட்டைக் கொட்டாமல் அப்படியே விட்டு, அதன்மேல் புதுக் கழிவுநீரை ஊற்றினார்கள். உறைமோர் போல அந்தக் கசடு அடுத்த பாட்டில் நீரை விரைவாக மாற்றியது. திரும்பத் திரும்ப இப்படிச் செய்யச் செய்யக் கசடு பெருகியது; ஐந்து வார வேலை ஒரே நாளுக்குள்ளும் பின்னர்ச் சில மணி நேரத்திலும் முடிந்தது. 1914 ஏப்ரல் 3 அன்று வேதித் தொழில் சங்கத்தின் மான்செஸ்டர் கூட்டத்தில் இருவரும் இந்த முடிவுகளை வாசித்தார்கள். அதுவரை எல்லோரும் எப்படித் தொலைப்பது என்று திணறிய கசட்டையே கருவியாக மாற்றியது அந்தக் கட்டுரை. பொதுச் சுகாதார வரலாற்றில் இதற்கு இணையான கண்டுபிடிப்புகள் மிகச் சில.

தொட்டிக்குள் நடப்பது

வீட்டுக் கழிவுநீரில் 99 விழுக்காட்டுக்கும் மேல் வெறும் நீர்தான். மீதமுள்ள சிறு பங்கில் இருக்கும் மாவுச்சத்து, புரதம், கொழுப்பு, சோப்பு ஆகியவையே ஆற்றைக் கெடுக்கின்றன. இவற்றைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பதே பி.ஓ.டி. எனப்படும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை. பிரிட்டிஷ் அரச ஆணையம் 1912-இல் ஆற்றில் விடும் நீருக்கு லிட்டருக்கு 20 மில்லிகிராம் பி.ஓ.டி., 30 மில்லிகிராம் மிதக்கும் திடப்பொருள் என வரம்பு வைத்தது. பல நாடுகளின் வரம்புகள் அதிலிருந்து பிறந்தவை. பிரிட்டனில் பி.ஓ.டி. சோதனை ஐந்து நாள் நடத்தப்பட்டது. இந்தியாவின் வெப்பத்துக்கு ஏற்ப இங்கே 27 டிகிரியில் மூன்று நாள் வைத்து அளக்கிறார்கள்.

காற்றூட்டும் தொட்டியில் பாக்டீரியாக்கள் நொதிகளைச் சுரந்து பெரிய மூலக்கூறுகளை உடைத்து உள்ளிழுத்துக்கொள்கின்றன. ஒரு பங்கை ஆற்றலுக்காக எரித்துக் கரியமில வாயுவாக வெளியிடுகின்றன. மறு பங்கு புதிய உடல்களாகிறது. நீக்கப்படும் ஒவ்வொரு கிராம் பி.ஓ.டி.க்கும் ஏறக்குறைய அரைக் கிராம் புதுக் கசடு உண்டாகிறது. ஆகவே அழுக்கில் ஒரு பகுதி மறைந்துபோவதில்லை. கரைந்து பிடிபடாமல் இருந்தது, படியவைத்துப் பிடிக்கக்கூடிய பொருளாக உருமாறுகிறது.

படிவதற்குப் பாக்டீரியாக்கள் தனித்தனியாக மிதந்தால் போதாது. பசை போன்ற பொருளைச் சுரந்து ஒன்றோடொன்று ஒட்டித் திரள வேண்டும். சூக்ளியா போன்ற இனங்கள் இதில் தேர்ந்தவை. படியாமல் தனியே திரியும் பாக்டீரியாக்கள் நீரோடு வெளியேறிவிடுவதால், திரளத் தெரிந்தவைதான் கசட்டோடு திரும்பி வந்து மேலும் பெருகுகின்றன. யாரும் தேர்ந்தெடுக்காமலே தொட்டி தனக்கு வேண்டிய கூட்டத்தைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்கிறது.

திரும்பி வரும் கசடுதான் இரண்டு கால அளவுகளைப் பிரித்துவைக்கிறது. நீர் தொட்டியில் தங்குவது நான்கிலிருந்து எட்டு மணி நேரம். பாக்டீரியாக்கள் தங்குவது ஐந்திலிருந்து பதினைந்து நாள். தினமும் எவ்வளவு கசட்டை வெளியே எடுப்பது என்பதைக் கொண்டு இந்தத் தங்கும் காலத்தை, அதாவது கசட்டின் வயதை, நிர்ணயிக்கிறார்கள். வழக்கமாகத் தொட்டியில் லிட்டருக்கு 2,000 முதல் 4,000 மில்லிகிராம் வரை கசடும், கரைந்த ஆக்சிஜன் ஏறக்குறைய 2 மில்லிகிராமும் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள்.

காற்றூட்டும் ஊதுவான்களே நிலையத்தின் மின்செலவில் பாதியளவோ அதற்கு மேலோ தின்றுவிடுகின்றன. வெப்ப நாடுகளில் இதில் ஒரு முரண் உண்டு: வெயில் பாக்டீரியாக்களை விரைவுபடுத்துகிறது, ஆனால் ஆக்சிஜனோ வெதுவெதுப்பான நீரில் குறைவாகவே கரைகிறது. 20 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 9.1 மில்லிகிராம் கரையும் இடத்தில் 30 டிகிரியில் 7.6 தான் கரையும். தேவை கூடும்போதே வரத்து குறைகிறது. மின்கட்டணத்தை மிச்சப்படுத்த இரவில் ஊதுவானை நிறுத்தினால், மறுநாள் காலையில் நாற்றம் பிடித்த கசட்டோடுதான் விழிக்க நேரும்.

கெட்டுப்போகும்போது

நிலைய ஊழியர் தினமும் செய்யும் முதல் சோதனை, தொட்டி நீரை ஒரு லிட்டர் உருளையில் ஊற்றி அரை மணி நேரம் அசையாமல் வைப்பது. படிந்த கன அளவைக் கசட்டின் எடையால் வகுத்தால் வருவது கசட்டுக் கன அளவுக் குறியீடு. 2.5 கிராம் கசடு 250 மில்லிலிட்டராகப் படிந்தால் குறியீடு 100. இது நல்ல கசடு. 150-ஐத் தாண்டினால் உஷாராக வேண்டும்.

காற்று போதாதபோதும், உணவு மிகக் குறைந்தபோதும், அழுகிய கழிவுநீர் வரும்போதும் நூல் போன்ற இழைப் பாக்டீரியாக்கள் தலையெடுக்கின்றன. ஸ்பெரோடிலஸ், மைக்ரோத்ரிக்ஸ் ஆகியவை பெயர்போன தொல்லைகள். இழைகள் திரள்களுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்பதால் கசடு உப்பி, படியாமல் தெளிநீரோடு வழிந்து போய்விடுகிறது. செக்கோஸ்லோவாக்கியாவின் யான் ஹூடோபா 1973-இல் இதற்கு ஒரு வழி காட்டினார்: திரும்பும் கசட்டையும் புதுக் கழிவுநீரையும் முதலில் ஒரு சிறு தொட்டியில் சந்திக்க வைப்பது. அங்கே உணவு மிகுந்திருப்பதால், வேகமாக உண்ணும் திரள் பாக்டீரியாக்கள் முந்திக்கொள்ள, மெதுவாக உண்ணும் இழைகள் பட்டினி கிடக்கின்றன.

பெங்களூர்த் தொடர்ச்சி

ஃபௌலர் 1916-இல் பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் நிறுவனத்துக்குப் பேராசிரியராக வந்தார். அவர் விதைத்த கழிவுநீர் ஆராய்ச்சி அங்கே ஒரு தலைமுறைக்கும் மேல் தொடர்ந்தது. வரலாற்றின் இந்தப் பகுதி பாடநூல்களில் ஓரிரு வரியில் கடந்துபோகிறது. அதைவிட நீண்ட இடம் இதற்கு உண்டு.

1942-இல் எஸ்.சி. பிள்ளையும் வி. சுப்ரமணியனும் ‘நேச்சர்’ இதழில், கசட்டில் வாழும் ஒற்றைச்செல் விலங்குகளுக்குச் சுத்திகரிப்பில் முக்கியப் பங்கு உண்டு என்று எழுதினார்கள். கரிமப் பொருளை நீக்கும் முதன்மை வேலை பாக்டீரியாக்களுடையதே என்று பிற்காலம் முடிவுகட்டியது. ஆனால் அந்தச் சிற்றுயிர்கள் இல்லாத தொட்டியிலிருந்து கலங்கிய நீர்தான் வரும், அவை தனியே திரியும் பாக்டீரியாக்களை மேய்ந்தே நீரைத் தெளியவைக்கின்றன என்பதைப் பிரிட்டனில் கர்ட்ஸும் உடனுழைத்தோரும் 1960-களில் காட்டினார்கள். இன்றும் அனுபவமுள்ள ஊழியர் நுண்ணோக்கியில் மணி வடிவ வோர்டிசெல்லாவைக் கண்டால் தொட்டி நலமாக இருக்கிறது என்று முடிவு செய்கிறார்.

1959-இல் அதே பெங்களூரிலிருந்து ஸ்ரீநாத், சாஸ்திரி, பிள்ளை மூவரும், காற்றூட்டப்பட்ட கசடு தன் வளர்ச்சிக்கு வேண்டியதைவிட அதிகமான பாஸ்பரஸை நீரிலிருந்து விரைந்து உறிஞ்சுவதை அறிவித்தார்கள். ஏரிகளில் பாசியும் ஆகாயத் தாமரையும் பெருகப் பாஸ்பரஸ் காரணம் என்பதால் இது பெரிய செய்தி. தென்னாப்பிரிக்காவில் ஜேம்ஸ் பர்னார்ட் 1970-களில் இதைத் தொட்டி வடிவமைப்பாகவே மாற்றினார். கசட்டை முதலில் ஆக்சிஜனே இல்லாத பகுதியில் நிறுத்தினால் சில பாக்டீரியாக்கள் சேமித்த பாஸ்பேட்டைக் கரைத்துவிட்டு உணவைச் சேர்த்துக்கொள்கின்றன. பிறகு காற்றுள்ள பகுதிக்குப் போனதும், விட்டதைவிட அதிகமாகப் பாஸ்பேட்டை அள்ளிக்கொள்கின்றன. அந்தக் கசட்டை வெளியே எடுத்தால் பாஸ்பரஸும் கூடவே போய்விடும்.

நைட்ரஜன்

சிறுநீரிலிருந்து வரும் அமோனியா மீன்களுக்கு நஞ்சு. இதை இரு கட்டங்களில் நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்களை ரஷ்ய நுண்ணுயிரியலாளர் வினோகிராட்ஸ்கி 1890-களின் தொடக்கத்தில் பிரித்தெடுத்தார். நைட்ரசோமோனாஸ் அமோனியாவை நைட்ரைட்டாக்க, நைட்ரோஸ்பைரா, நைட்ரோபாக்டர் போன்றவை அதை நைட்ரேட்டாக்குகின்றன. இவை மெல்ல வளர்பவை. கசட்டின் வயது குறைந்தால் முதலில் அடித்துச் செல்லப்படுபவை இவைதான். ஒரு கிராம் அமோனியா நைட்ரஜனுக்கு 4.57 கிராம் ஆக்சிஜன் செலவாகிறது. பின்னர் காற்றில்லாத பகுதியில் வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு நைட்ரஜனை வாயுவாக வானில் விடுகின்றன. இதே வினை, கசடு படியும் தெளிதொட்டியின் அடியில் நடந்துவிட்டால், குமிழிகள் கசட்டைத் தூக்கி மேலே கொண்டுவரும். வெப்பமான ஊர்களில் இது அடிக்கடி காணும் கோளாறு.

1990-களில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில், ஆக்சிஜனின்றி அமோனியாவையும் நைட்ரைட்டையும் நேரே நைட்ரஜன் வாயுவாக மாற்றும் பாக்டீரியாக்கள் கண்டறியப்பட்டன. ‘அனமாக்ஸ்’ எனப்படும் இந்த வழியின் முதல் முழு அளவு ஆலை 2002-இல் ராட்டர்டாமில் இயங்கத் தொடங்கியது.

பொட்டல பாக்டீரியா

அடுக்குமாடிக் குடியிருப்புகளின் சிறு சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் பாக்டீரியாத் தூள் பொட்டலங்கள் விற்கப்படுகின்றன. தொடக்கத்தில் சாணமும் வெல்லமும் கரைத்து ஊற்றும் வழக்கமும் உண்டு. நன்றாக ஓடும் வேறொரு நிலையத்திலிருந்து ஒரு லாரி கசடு கொண்டுவந்து ஊற்றுவது இவை எல்லாவற்றையும்விட மேல். அந்தக் கூட்டம் ஏற்கெனவே இதே உணவுக்குப் பழகியது. ஆலைக் கழிவில் சிதைக்கக் கடினமான வேதிப்பொருள் இருந்தால் அதற்கென்று வளர்த்த இனங்களுக்குப் பயன் உண்டு. வீட்டுக் கழிவுநீருக்கு மாதாமாதம் பொட்டலம் வாங்க வேண்டியிருந்தால், அந்த நிலையத்தில் காற்றோ கசடு திருப்பும் பம்போ சரியில்லை என்று பொருள். அந்தப் பணம் ஊதுவானின் பராமரிப்புக்குப் போக வேண்டும்.

எல்லைகள்

பாக்டீரியாக்கள் உப்பை உண்பதில்லை. திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கழிவில் கரைந்த உப்பு நொய்யலையும் ஒரத்துப்பாளையம் அணையையும் பாழாக்கியது. 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அந்த உப்பை நீக்கச் சவ்வூடு வடித்தலும் ஆவியாக்கலும் தேவைப்பட்டன. நோய்க்கிருமிகளையும் இம்முறை பெருமளவு குறைக்கிறதே ஒழிய முற்றாக நீக்குவதில்லை. குளோரினோ புற ஊதாக் கதிரோ பின்னால் வேண்டும். வெளியே எடுக்கும் கசடும் தனிச் சுமை. அதை மூடிய கலனில் காற்றின்றிச் செரிக்கவிட்டால் மீத்தேன் கிடைக்கிறது. சென்னையின் பெரிய நிலையங்களில் அதிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். இதே காற்றில்லாச் சூழல் சாக்கடைக் குழாயிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் ஹைட்ரஜன் சல்ஃபைடை உண்டாக்குகிறது. உள்ளே இறக்கப்படும் தொழிலாளர்களைக் கொல்வது அந்த வாயு. ஆட்களைப் பாதுகாப்பின்றி இப்படி இறக்குவதை 2013-ஆம் ஆண்டின் சட்டம் தடைசெய்த பிறகும் அந்தச் சாவுகள் நிற்காதது பொறுக்க முடியாத குற்றம்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020-21 கணக்குப்படி இந்திய நகரங்களில் நாளொன்றுக்கு 72,368 மில்லியன் லிட்டர் கழிவுநீர் உண்டானது. உண்மையில் சுத்திகரிக்கப்பட்டது 20,236 மில்லியன் லிட்டர். நிறுவப்பட்டிருந்த திறன் 31,841. கட்டிய நிலையங்களும் முழுதாக ஓடவில்லை என்பது இதில் தெரிகிறது.

சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு நிலையங்களின் தெளிநீரை மேலும் வடிகட்டி, எதிர்ச் சவ்வூடுபரவல் செய்து, தலா நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் தரும் ஆலைகளைக் குடிநீர் வாரியம் அமைத்திருக்கிறது. கொடுங்கையூர் நீர் மணலித் தொழிற்சாலைகளுக்கும், கோயம்பேட்டு நீர் திருப்பெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்பேட்டைகளுக்கும் போகிறது. அங்குள்ள சவ்வுகள் எவ்வளவு காலம் அடைபடாமல் உழைக்கும் என்பது, அவற்றுக்கு முன்னால் உள்ள காற்றூட்டும் தொட்டியில் கசடு எவ்வளவு நன்றாகப் படிகிறது என்பதைப் பொறுத்தது.