சி++ மொழியின் உள்ளமை வார்ப்புருக்கள்

உள்ளமை வார்ப்புரு என்பது சி++ நிரல்மொழியில், கம்பைலர் எனப்படும் தொகுப்பி தானாகவே அறிந்திருக்கும் வார்ப்புரு ஆகும். மற்ற வார்ப்புருக்களின் உள்ளடக்கத்தை நிரலாளர் எழுதுகிறார். இவற்றின் வேலையைத் தொகுப்பியே செய்கிறது.

பின்னணி

சி++ மொழியை உருவாக்கிய பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப் 1988 இல் வார்ப்புருக்களுக்கான வடிவமைப்பை முன்வைத்தார். முழு எண்ணுக்கும் தசம எண்ணுக்கும் தனித்தனிச் செயற்கூறுகள் எழுதாமல், ஒரே வார்ப்புருவை எழுதினால் போதும். தரப்படும் மதிப்பைப் பார்த்துத் தொகுப்பியே தரவு வகையைக் கண்டறியும். இது வகை உய்த்துணர்தல் எனப்படுகிறது. 1994 இல் எர்வின் உன்ரூ, பகா எண்களைப் பிழைச்செய்திகளாகவே வெளியிடவைக்கும் நிரலைக் காட்டினார். நிரல் ஓடும் முன்பே வார்ப்புருக்களால் கணக்கிட முடியும் என்பதை அது உணர்த்தியது.

சிக்கல்

கேட்ட நீளத்துக்கு 0, 1, 2 என எண்களை அடுக்கித் தரும் 'முழு எண் தொடர்' வசதி சி++14 தரநிலையில் சேர்ந்தது. இதை எளிய தற்சுழற்சி முறையில் எழுதினால், 1000 எண்களுக்கு ஏறத்தாழ 1000 இடைநிலை வகைகளைத் தொகுப்பி உருவாக்க வேண்டும். நேரமும் நினைவகமும் வீணாகும். அடுக்குகளுக்கு வரம்பும் உண்டு: கிளாங் தொகுப்பியில் இயல்பாக 1024, ஜிசிசியில் 900. தொடரைப் பாதிபாதியாகப் பிரித்து நூலக ஆசிரியர்கள் அடுக்குகளைக் குறைத்தனர். ஆனால் நிரல் சிக்கலானது.

தீர்வு

2015 இல் கிளாங் இவ்வேலையை உள்ளமை வார்ப்புருவாக ஏற்றது. பட்டியலில் கேட்ட இடத்திலுள்ள வகையை எடுத்துத் தரும் மற்றொன்று 2016 இல் வந்தது. 2018 இல் வெளியான ஜிசிசி 8, இதே தேவைக்கு வேறு வடிவில் உள்ளமை வசதியைத் தந்தது.

கிளாங்கின் தொடரியல் மரத்தில் இதற்குத் தனிவகை அறிவிப்பு உண்டு. அதில் பெயரும் அளபுருக்களும் இருக்கும், உள்ளடக்கம் இராது. நீளம் தெரிந்தவுடன் தொகுப்பி எண்களை ஒரே மூச்சில் அடுக்கும். நீளம் இன்னொரு வார்ப்புருவின் அளபுருவாக இருந்தால், அது தெரியும்வரை கணக்கீட்டைத் தள்ளிவைக்கும்.

வகை உய்த்துணர்தல்

உருவான தொடரை ஒரு செயற்கூற்றுக்குக் கொடுத்தால், 0, 1, 2 என்ற எண்களைத் தொகுப்பி உய்த்துணரும். விடையிலிருந்து, முதலில் கேட்ட நீளத்தை அது தலைகீழாகத் தேடாது. விடை கிடைத்தபின் எஞ்சுவது சாதாரண வகை மட்டுமே. அது எப்படி உருவானது என்ற தடம் அதில் இல்லை.

உள்ளமைப் பெயர்கள் தரநிலையில் இல்லாததால், அவற்றை நேரடியாகப் பயன்படுத்தும் நிரல் வேறு தொகுப்பியில் இயங்காமல் போகலாம். எனவே நூலகங்கள் அவற்றைத் தரநிலைப் பெயர்களுக்குப் பின்னால் வைத்துள்ளன. நிரலாளர் எழுதும் வரி மாறவில்லை. தொகுக்கும் நேரம் குறைந்தது.