ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்

இந்தத் தடவை வரலாறு. உடனே ஓடிடாதீங்க! இதில் அரசர்கள் கிடையாது, போர் கிடையாது, மனப்பாடம் பண்ண வேண்டிய பட்டியலும் கிடையாது. இருப்பதெல்லாம் வெற்றிலை, காப்பி, டீ, கொஞ்சம் சாராயம்.

முதலில் ஒரு வாக்குமூலம். நான் ஒரு நாளைக்கு ஆறு டீ குடிப்பவன். செமஸ்டர் நேரத்தில் எட்டு. போன மாதம் திடீரென்று ஞானம் வந்து, "இனிமேல் டீ கிடையாது" என்று முடிவு செய்தேன். மறுநாள் தலை வெடித்தது. டீயில் இருக்கும் காஃபீனை நிறுத்தினால் ஒரு நாளுக்குள் தலைவலி வரும், சிலருக்கு ஒரு வாரம்கூட இருக்கும் என்று பிறகுதான் படித்தேன். ஆனால் தலைவலி பெரிய விஷயமாகத் தெரியவில்லை. கஷ்டமாக இருந்தது வேறு ஒன்று. வீட்டை விட்டு வெளியே வர எனக்குக் காரணமே இல்லாமல் போய்விட்டது!

யோசித்துப் பாருங்கள். "பத்து நிமிஷம் சும்மா வெளியே நிக்கணும் போல இருக்கு" என்று வீட்டில் சொன்னால், "ஏன், என்ன ஆச்சு, யார்கிட்ட சண்டை?" என்று விசாரணை ஆரம்பிக்கும். "ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்றால் யாரும் எதுவும் கேட்பதில்லை. எனக்கு வேண்டியிருந்தது டீயா, அந்தப் பத்து நிமிஷமா? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை.

ஆயாவின் சுருக்குப்பை

எங்கள் ஊர் வடக்கனந்தல். கள்ளக்குறிச்சிக்குப் பக்கம், கல்வராயன் மலையின் அடிவாரம். மலையிலிருந்து இறங்கும் கோமுகி ஆற்றில் 1960-களில் அணை கட்டினார்கள். சுற்றிலும் நெல்லும் கரும்பும்தான். என் ஆயா அந்த வயல்களில் நடவு நட்டவர். "உன் வயசில நீ டீ குடிச்சியா ஆயா?" என்று கேட்டேன். "டீயேது காப்பியேது, நீராகாரம்தான்" என்றார்.

"அப்போ நடுவுல இடுப்பு வலிச்சா என்ன பண்ணுவ?"

"வெத்தலை போடுவோம்."

வெற்றிலை போட வலி போய்விடுமா என்று கேட்டதற்கு ஆயா சொன்ன பதிலை அப்படியே தருகிறேன். "வரப்புல சும்மா உக்காந்தா ஏன் உக்காந்தேன்னு கேப்பான். வெத்தலை போடறேன்னா எவன் கேப்பான்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் டீக்கடைத் தந்திரத்தை ஆயா ஐம்பது அறுபது வருஷத்துக்கு முன்பே சுருக்குப்பையில் முடிந்து வைத்திருக்கிறார்!

இது ஆயாவோடு ஆரம்பித்ததும் இல்லை. சிலப்பதிகாரத்தில் மதுரை ஆயர் வீட்டில் கண்ணகி சமைத்துப் போடுகிறாள். கோவலன் சாப்பிட்டு முடித்ததும் வெற்றிலை பாக்கு கொடுக்கிறாள். அதன் பிறகு அவன் சிலம்பு விற்கக் கிளம்பி விடுகிறான், திரும்பி வரவில்லை. அந்த இருவருக்கும் கடைசியாகக் கிடைத்த ஓய்வு நேரம் அதுதான்.

ஆனால் வெற்றிலையை ரொம்பப் புகழ்ந்துவிடவும் கூடாது. அதோடு சேர்க்கும் புகையிலை மட்டுமல்ல, பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. உட்காருவதற்காகக் கண்டுபிடித்த சாக்குக்கு உடம்பு விலை கொடுக்கிறது. இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வரும்.

ஆசையை விற்ற கதை

"அந்தக் காலத்தில் காப்பி இல்லை." இது ஆய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதியின் கட்டுரை நூல் ஒன்றின் தலைப்பு. உண்மைதான். தமிழ்நாட்டு வீடுகளில் காப்பி பரவியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும்தான். அதுவும் முதலில் நகரத்து நடுத்தர வர்க்க வீடுகளில். பழையது சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இது ஒரு புதுப் பைத்தியமாகவே தெரிந்தது. காப்பி மேல்தட்டின் பானம் என்றும், டீ உழைப்பாளியின் பானம் என்றும் ஒரு பிரிவும் வந்து சேர்ந்தது.

டீயின் கதை இன்னும் சுவாரசியம். நீலகிரியில் 1830-களிலேயே தேயிலையை நட்டுப் பார்த்தார்கள். இந்தியத் தேயிலையில் பெரும்பகுதி கப்பல் ஏறி வெளிநாட்டுக்குப் போனது. இந்தியர்களுக்கு டீ குடிக்கும் பழக்கம் இல்லை. "அப்படியானால் பழக்கிவிடுவோம்" என்று இறங்கினார்கள். 1903-ல் தேயிலைத் தீர்வைச் சட்டம் வந்தது. ஏற்றுமதியாகும் தேயிலைக்கு ஒரு சிறு வரி போட்டு, அந்தப் பணத்தில் விளம்பரம். 1930-களில் உலகப் பொருளாதார மந்தத்தால் தேயிலை விலை விழுந்தது. 1933-ல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதிக்கும் சர்வதேச ஒப்பந்தமும் வந்தது. மிச்சமிருக்கும் தேயிலையை யார் தலையில் கட்டுவது? நம் தலையில்தான்! இலவச டீ, ரயில் நிலையங்களில் எனாமல் பலகைகள், டீ போடுவது எப்படி என்ற செய்முறை விளக்கம், ஆலை வாசலில் டீக்கடை என்று எல்லாம் நடந்தன.

பிறகு, அஸ்ஸாமில் 1930-களில் உருவான சி.டி.சி. இயந்திரம் இலையை நசுக்கிக் குருணையாக்கியது. கொஞ்சம் தூளில் நிறைய டீ, நல்ல கறுப்பு, நல்ல கடுப்பு, விலையும் குறைவு. இன்று நம் ஊர்க் கடைகளில் பாய்லரில் கொதிப்பது இதன் வாரிசுதான்.

ஆக, நான் "என் ஆசை" என்று நினைத்துக்கொண்டிருந்தது, என் கொள்ளுத்தாத்தா காலத்தில் ஒரு குழு திட்டம் போட்டு வளர்த்த ஆசை. இன்னொன்று. காஃபீன் களைப்பைப் போக்குவதில்லை. களைப்பு என்று மூளைக்குச் சொல்லும் அடினோசின் என்ற பொருளை வேலை செய்ய விடாமல் மறிக்கிறது, அவ்வளவுதான். களைப்பு அங்கேயே இருக்கும், நமக்குத் தெரியாது. ஆலைக்காரர்களுக்கு இதைவிட வசதியான பானம் கிடைக்குமா?

(டீக்கடை எல்லோருக்கும் ஒரே மாதிரி ஓய்வு கொடுத்ததும் இல்லை. இரட்டைக் குவளை வைத்திருந்த கடைகளில் தலித் மக்கள் வெளியே நின்றுதான் குடிக்க வேண்டியிருந்தது. 1955-ல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்த பிறகும் அது ரொம்ப வருஷம் தொடர்ந்தது.)

நேரத்தைக் கேட்டவர்கள்

பொருளை விற்க ஒரு குழு இருந்தது. நேரத்தை யாரும் இலவசமாகக் கொடுக்கவில்லை. அதைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

1918 ஏப்ரல் 27. சென்னை பெரம்பூரில் பி.பி. வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களின் முக்கியமான குறைகளில் ஒன்று எது தெரியுமா? மதியச் சாப்பாட்டுக்குக் கொடுத்த அரை மணி நேரம் போதவில்லை என்பது! கூலியும் குறைவுதான், அடி உதையும் உண்டுதான். ஆனாலும் "நிதானமாகச் சாப்பிட நேரம் கொடு" என்பதும் முன்னால் வந்து நின்றது.

அப்போதைய 1911-ஆம் ஆண்டுச் சட்டப்படி நெசவாலையில் ஆண்களுக்கு ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை. 1922-ல் 11 மணி நேரம், வாரத்துக்கு 60. 1934-ல் 10 மணி, வாரத்துக்கு 54. இடையில் 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடினார், இந்தியாவிலேயே முதன்முறையாக. 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையைப் பார்த்தவர் அம்பேத்கர். 1946-ல் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று ஆனது. 1948 தொழிற்சாலைச் சட்டம் ஐந்து மணி நேர வேலைக்குப் பிறகு குறைந்தது அரை மணி ஓய்வு என்றது. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேன்டீன் வைக்கச் சொல்ல அரசுக்கு அதிகாரமும் கொடுத்தது.

12-லிருந்து 8-க்கு வர முப்பத்தைந்து வருஷம். இதெல்லாம் பழைய கதை என்று நினைத்தால், 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு வரவே மூன்று நாளில் நிறுத்தி வைத்தார்கள். மே தினத்தன்று திரும்பப் பெற்றதாக அறிவித்தார்கள்.

எங்கள் மலை

ஆலைக்காரர்களுக்குச் சங்கம் இருந்தது. எங்கள் மலைக்கு என்ன இருந்தது?

நாடு 1947-ல் விடுதலை அடைந்தது. 1948-ல் சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. ஆனால் கல்வராயன் மலையில் ஜாகிர்தார் முறை 1976 வரை இருந்தது! அந்த மலையாளி பழங்குடி மக்கள் ஜாகிர்தார் நிலத்தில் கூலியில்லாமல் உழைக்க வேண்டியிருந்தது. அதாவது ஒரு நாளில் சில மணி நேரம் அல்ல, சில நாட்களே அவர்களுடையது இல்லை. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமும் அதே 1976-தான். என் அப்பா பிறந்த பிறகு நடந்த விஷயம் இது. பள்ளியில் எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.

எங்கள் பக்கம் சாராயம் என்றாலே மலையைக் கை காட்டுவார்கள். கடுக்காயும் வெல்லமும் போட்ட ஊறலைப் போலீஸ் அழித்ததாக அடிக்கடி செய்தி வரும். 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி முதன்முதலில் மதுவிலக்கு கொண்டுவந்தது இதே மலையின் மறுபக்கம் இருக்கும் சேலம் மாவட்டத்தில்தான். 1948-ல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு, 1971-ல் தளர்வு, பிறகு மூடுவதும் திறப்பதுமாகப் போய், 2003-ன் இறுதியில் சில்லறைக் கடைகளும் டாஸ்மாக் கைக்கு வந்தன. இந்த எழுபது வருஷமும் "கடை இருக்கலாமா கூடாதா" என்றுதான் பேசினோம். "குடிக்கிறவன் ஏன் குடிக்கிறான்" என்று பேசியது குறைவு.

2024 ஜூன். கள்ளக்குறிச்சி கருணாபுரம். விஷச் சாராயத்தில் 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கொன்றது மலைச் சாராயம் இல்லை. ஆலைகளில் கரைப்பானாகப் பயன்படும் மெத்தனால். இறந்தவர்களில் பெரும்பாலானவர்கள் தினக்கூலிகள். அந்த வாரம் பஸ்ஸில் போகும்போது யாரும் பேசவில்லை. "குடிகாரனுங்க, வேணும்னே செத்தானுங்க" என்று வகுப்பில் ஒருவன் சொன்னான். நானும் தலையாட்டினேன். இது என் இரண்டாவது வாக்குமூலம்.

இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. மூட்டை தூக்குகிறவரும் மண் வெட்டுகிறவரும் "உடம்பு வலிக்கு" என்றுதான் சொல்வார்கள். சாராயம் வலியைப் போக்குவதில்லை, தெரியாமல் செய்கிறது. டீ என் களைப்பைத் தெரியாமல் செய்வது போல. வெற்றிலை ஆயாவுக்கு உட்கார அனுமதி கொடுத்தது போல. வித்தியாசம் ஒன்றுதான். என் சாக்கு என்னைக் கொல்லவில்லை. விற்றவர்களின் குற்றம் குற்றம்தான், குடித்ததும் நல்லது என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஓய்வுக்குப் பதிலாக ஒரு பொருளை வாங்கியவர்கள் என்ற வரிசையில் அவரும் நானும் ஆயாவும் ஒன்றாகத்தான் நிற்கிறோம்.

ஸ்டூல்

கடைசியாக அம்மா. கள்ளக்குறிச்சியில் ஒரு துணிக்கடையில் வேலை. காலை முதல் இரவு வரை நின்றபடி. 2018-ல் கேரளாவில் கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமை வந்தது. துணிக்கடைப் பெண்கள் போராடி வாங்கியது அது. 2021-ல் தமிழ்நாட்டிலும் கடைகளில் இருக்கை வைக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. உட்காருவதற்கே ஒரு சட்டம்!

"உங்க கடையில ஸ்டூல் இருக்காம்மா?" என்று கேட்டேன்.

"இருக்கு. உக்காந்தா பாப்பாங்க."

ஆயா சொன்ன அதே வார்த்தை, வேற வயல். எனக்காவது டீக்கடை இருக்கிறது. அம்மாவோ என் தங்கையோ "ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு முக்கில் போய் நிற்க முடியுமா? எங்கள் ஊரில் இன்னும் முடியாது. சட்டம் ஸ்டூலைக் கொண்டுவந்து வைத்துவிட்டது. உட்கார்ந்தால் யாரும் பார்க்காத நிலைமையை இனிமேல்தான் கொண்டுவர வேண்டும். அதை வீட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம் என்று தோன்றியது.

போன ஞாயிற்றுக்கிழமை இரவு அம்மா வேலை முடிந்து வந்ததும் நானே டீ போட்டுக் கொடுத்தேன். (ஆமாம், நான் மறுபடி டீக்குத் திரும்பிவிட்டேன். இப்போது மூன்றுதான்.) அம்மா டம்ளரைப் பக்கத்தில் வைத்துவிட்டு வாசல் படியில் சும்மா உட்கார்ந்திருந்தார். டீ ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது.

"சூடு பண்ணித் தரட்டுமா?" என்றேன்.

"வேணாம், இருக்கட்டும்" என்றார். அதன் பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். நான் ஏன் என்று கேட்கவில்லை.

உங்கள் வீட்டு ஆயாவிடமும் கேட்டுப் பாருங்கள், அவர் உட்காருவதற்கு என்ன சாக்கு வைத்திருந்தார் என்று. நிச்சயம் ஒன்று இருந்திருக்கும்.