மகிழமரத்தடியில் ஒரு சத்தியம்

மறுபிறவி, கனவில் வந்து பேசும் தெய்வம், ஓர் ஆணுக்காக இரண்டு பெண்கள் — இந்தச் சரக்கெல்லாம் வாரப் பத்திரிகைத் தொடர்கதைக்காரர்களின் சொத்து என்று முகம் சுளிப்பது நம் வட்டாரத்துப் பழக்கம். சரக்கு பழையது. திருவொற்றியூர்க் கோயில் மகிழமரத்தடியில் நடந்ததாகச் சேக்கிழார் சொல்லும் கதையில் இவை அத்தனையும் இருக்கின்றன. தொடர்கதையின் பெரிய நோயான சீரற்ற ஓட்டமும் கூட. இதில் வேடிக்கை, இரண்டாம் குலோத்துங்கனைச் (1133–1150) சீவக சிந்தாமணியின் காதல் கதைகளிலிருந்து மீட்பதற்காகவே பெரியபுராணம் எழுதப்பட்டது என்கிற மரபுச் செய்தி.

திருவாரூரில் பரவையோடு வாழ்கிற சுந்தரர் ஒற்றியூருக்கு வருகிறார். ஞாயிறு என்ற ஊரின் வேளாளர் மகள் சங்கிலி, அங்கே கன்னிமாடத்திலிருந்து இறைவனுக்கு மாலை தொடுக்கிறாள். திரை விலகுகிற ஒரு கணத்தில் சுந்தரர் அவளைப் பார்த்துவிடுகிறார். மூவரும் கயிலையில் ஏற்கெனவே பழகியவர்கள். ஆலாலசுந்தரர், கமலினி, அநிந்திதை. எனவே இது முன்வினை, குற்றமில்லை என்பது புராணத்தின் சமாதானம். இந்தச் சமாதானத்தை ஒதுக்கிவிட்டுத்தான் கதையைப் படிக்க வேண்டும். ஏனென்றால் சேக்கிழாரின் சங்கிலியே அதை ஒதுக்கிவிடுகிறாள். சிவன் கனவில் வந்து சுந்தரரை மணக்கச் சொன்னபோது, அவர் திருவாரூரில் மகிழ்ந்து வாழ்பவராயிற்றே என்கிறாள் அவள். தெய்வத்திடம் இப்படி ஒரு நடைமுறைக் கேள்வி. பதிலாகக் கிடைப்பது, பிரியமாட்டேன் என்று அவர் சத்தியம் செய்து தருவார் என்ற உறுதி.

சுந்தரர் தந்திரம் செய்கிறார். சன்னிதியில் சத்தியம் செய்யும் நேரத்தில் நீர் மகிழமரத்தடிக்குப் போய்விடும் என்று சிவனிடம் கேட்கிறார். ஜாமீன் நிற்பவரையே அப்புறப்படுத்துகிற யோசனை. சிவன் சம்மதித்துவிட்டு, சத்தியத்தை மகிழடியிலேயே வாங்கு என்று சங்கிலிக்குச் சொல்லிவிடுகிறார். விடிந்ததும் தோழிகள் மரத்தடியைக் காட்ட, சுந்தரருக்கு வேறு வழியில்லை.

தந்திரம் சேக்கிழாரின் கற்பனை அல்ல. திருவெண்பாக்கத்துப் பதிகத்தில் சுந்தரரே இதைக் குறையாகச் சொல்கிறார். திருமுல்லைவாயில் பதிகத்தில், சங்கிலியின் பொருட்டுக் கண் போனதையும் சொல்கிறார். ஆனால் பதிகங்களில் சங்கிலிக்குப் பெயர் உண்டு, வாய் இல்லை. கனவில் கேட்ட கேள்வியும், பிறகு சத்தியம் செய்யும் சுந்தரரைக் கண்டு, பெருமான் சொல்லித்தானே இதைக் கேட்டேன் என்று மனம் மருண்டு அவள் ஒருபுறம் மறைந்து நிற்பதும் சேக்கிழாரிடம்தான் இருக்கின்றன. கேட்டது கிடைக்கும்போதே கேட்டதற்காகக் கூசுகிற மனம். நம் நாவலாசிரியர்களில் எத்தனை பேரிடம் இந்த இடம் இருக்கிறது?

இதற்குப் பின் ஓட்டம் கெடுகிறது. மணவாழ்க்கை சில வரிகளில் முடிந்துவிடுகிறது. வசந்தம் வருகிறது, ஆரூரும் பரவையும் நினைவுக்கு வர, சுந்தரர் ஒற்றியூர் எல்லையைத் தாண்டுகிறார், கண் போகிறது. உடனே கதை நிதானமாகிவிடுகிறது: வெண்பாக்கத்தில் ஊன்றுகோல், காஞ்சியில் ஒரு கண், திருத்துருத்தியில் உடற்பிணி நீங்குதல், ஆரூரில் மறு கண். (அந்த வெண்பாக்கம் 1944இல் கட்டிய பூண்டி நீர்த்தேக்கத்தில் மூழ்கியது, கோயிலை வேறிடத்தில் எழுப்பினார்கள். சென்னைக்காரன் குடிக்கிற தண்ணீருக்கடியில் இந்தக் கதையின் ஓர் அத்தியாயம் கிடக்கிறது.) காரணம் எளிது. பதிகம் இருக்கும் ஊரில் சேக்கிழார் நிற்க வேண்டும். இல்லாத இடத்தில் ஓடலாம். மணவாழ்க்கைக்குப் பதிகமில்லை. இதைக் கலைக்குறை என்பதைவிடச் சரித்திரக்காரனின் கட்டுப்பாடு என்பேன். கைவசமுள்ள ஆதாரம் வேகத்தைத் தீர்மானிக்கிறது. அப்படியிருந்தும் ஆதாரமில்லாத மகிழடியில் அவர் சங்கிலிக்காக நின்றிருக்கிறார் என்பதே விஷயம். குன்றத்தூர் வேளாளர், தொண்டைநாட்டு வேளாளப் பெண்ணுக்காக நின்றார் என்று இதைச் சாதிக் கணக்கில் மட்டும் அடக்கிவிட முடியுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. கணக்கு இல்லாமலும் இல்லை. உருத்திர கணிகையர் குலத்துப் பரவையின் மணத்தில் சத்தியம் என்ற பேச்சே எழவில்லை. ஆனால் அவள் ஊடியபோது சிவனே இரவில் இரண்டு முறை தூது நடந்தார். முதல் முறை வெறுங்கையோடு திரும்பினார்.

இந்தத் தூதுக்குத் தமிழில் முதல் கண்டனமும் நூலுக்குள்ளேயே உண்டு. சங்கிலி கதை வருவது ஏயர்கோன் கலிக்காமர் புராணத்தில், நானூற்றுக்கு மேற்பட்ட பாட்டுகளுக்கு நடுவில். ஆண்டவனைப் பெண்ணிடம் தூது அனுப்பியவன் முகத்தில் விழிப்பதைவிடச் சாவது மேல் என்று வயிற்றைக் கிழித்துக்கொண்டவர் கலிக்காமர். அவரும் உயிர்பெற்றுச் சிநேகிதராகிவிடுகிறார். கலிக்காமரின் கோபம் முழுக்கக் கடவுளின் கௌரவத்தைப் பற்றியது. ஒற்றியூரில் தனித்து நின்றவளைப் பற்றி அவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. முக்கோணம் என்ற சொல்லும் இங்கே பொருந்தாது; புத்தூரில் பாதியில் நின்ற முதல் கல்யாணத்தின் மணப்பெண்ணுக்குப் பெயர்கூட இல்லை.

இரண்டாம் இராஜாதிராஜனின் ஒன்பதாம் ஆட்சியாண்டு ஒற்றியூர்க் கல்வெட்டு ஒன்று, பங்குனி உத்திர விழாவில் மகிழடியில் ஆளுடைய நம்பி ஸ்ரீபுராணம் கேட்கப்பட்டதைச் சொல்கிறது. சதுரானன பண்டிதர் உடனிருந்தார். சேக்கிழாருக்குப் பின் ஒரு தலைமுறை. வாசிக்கப்பட்டது அவர் நூல்தானா என்பது வழக்கில் இருக்கிறது. லாரிகளும் ஆலைச் சங்குகளும் தாண்டி மாசித் திருவிழாவில் மகிழடி சேவை இன்றும் நடக்கிறது. விழா சத்தியத்தின் பெயரைத் தாங்கியிருக்கிறது. சத்தியம் முறிந்த பின் சங்கிலி எப்படி இருந்தாள் என்பதற்குப் பெரியபுராணத்தில் பாட்டு இல்லை. கடைசியாக வெள்ளானைச் சருக்கத்தில், பரவையோடு சேர்த்து ஒரே பாட்டில், கயிலையில் உமையின் கோயிலில் பழைய வேலைக்குத் திரும்பிவிட்டாள் என்று மட்டும் வருகிறது.