பொதுவுரிமைச் செவ்வியல் இசைப்பதிவுகளின் இணையக் காப்பகங்கள்

உரிமைக் காலம் முடிந்துபோன, அல்லது உரிமையாளரே முன்வந்து விட்டுக்கொடுத்த மேற்கத்தியச் செவ்வியல் இசைப்பதிவுகளைக் கட்டணமின்றிக் கேட்கவும் தரவிறக்கிப் பயன்படுத்தவும் தருகிற இணையத் தொகுப்புகள் இவை. அமெரிக்காவின் மியூசோப்பன், காங்கிரஸ் நூலகத்தின் நேஷனல் ஜூக்பாக்ஸ் ஆகியவை பரவலாக அறியப்பட்டவை. 2006இல் எட்வர்ட் குவோ தொடங்கிய ஐஎம்எஸ்எல்பி, இசைக்குறிப்பு ஏடுகளுக்காகவே பெயர்பெற்றது என்றாலும் ஒலிப்பதிவுகளையும் சேர்த்து வருகிறது.

பீத்தோவன் இறந்தது 1827இல். அவருடைய சிம்பொனிகளுக்கு இன்று எவரும் உரிமை கோர முடியாது. ஆனால் ஓர் இசைக்குழு அதே சிம்பொனியை வாசித்துப் பதிவுசெய்தால், அந்தப் பதிவுக்கென்று புதிதாக ஓர் உரிமை பிறக்கிறது. எனவே இசை பழையதாக இருந்தாலும் கடையில் விற்கும் குறுந்தகடு பொதுச்சொத்து ஆவதில்லை. 2005 ஜூனில் பிபிசி, தன் ஃபில்ஹார்மோனிக் குழு ஜனாண்ட்ரியா நொசேடா தலைமையில் வாசித்த ஒன்பது சிம்பொனிகளையும் சில நாட்களுக்கு இலவசமாகத் தரவிறக்க விட்டது. சுமார் 14 லட்சம் தரவிறக்கங்கள் நடந்தன. மகிழ வேண்டிய இசைத்தட்டு நிறுவனங்கள், தங்கள் வியாபாரம் கெடும் என்று முணுமுணுத்தன. அறிவித்த நாட்கள் முடிந்ததும் பிபிசி கதவை மூடிவிட்டது. இலவசமாகத் தருவது வேறு, உரிமையை விடுவது வேறு.

விடுதலை பெற்ற பதிவுகளைச் சேர்க்க இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, பழைய இசைத்தட்டுகளின் உரிமைக் காலம் தீரும்வரை காத்திருப்பது. இந்தக் காலம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. இந்தியாவில் பதிவு வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள். ஐரோப்பிய ஒன்றியம் 50 ஆண்டுகளை 70 ஆக நீட்டியது. ஆனால் 1963க்கு முன் வெளியாகி, ஏற்கெனவே விடுதலையான தட்டுகளை அது திரும்பச் சிறைப்படுத்தவில்லை. அமெரிக்காவின் நிலைமைதான் விசித்திரம். 2018இல் இயற்றிய சட்டத்தின்படி, 1923க்கு முந்தைய பதிவுகள் அனைத்தும் 2022 ஜனவரி 1 அன்று ஒரே நாளில் பொதுவாயின. 1921இல் மறைந்த பாடகர் என்ரிக்கோ கரூசோவின் தட்டுகளில் பெரும்பாலானவை அதில் அடக்கம். 2024 முதல் ஆண்டுதோறும் ஓராண்டுப் பதிவுகள் விடுதலையாகின்றன. 2026இல் 1925ஆம் ஆண்டின் முறை வந்தது. 1957 முதல் 1972 பிப்ரவரி நடுப்பகுதிவரை வெளியானவற்றுக்கோ 2067வரை பூட்டு.

கேட்பவருக்கு இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. மின்சார ஒலிவாங்கி இசைத்தட்டுத் தொழிலுக்குள் நுழைந்ததே 1925இல்தான். அதற்கு முன் கலைஞர்கள் பெரிய உலோகப் புனல் ஒன்றைச் சுற்றி நெருக்கியடித்து நின்று வாசித்தார்கள். டபுள் பாஸின் தாழ்ந்த நாதம் புனலில் சரியாக ஏறாது என்பதால் அதன் பகுதியைப் பல சமயம் டியூபாவுக்குக் கொடுத்தார்கள். 1913இல் ஆர்தர் நிகிஷ் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கைக் கொண்டு பதிவுசெய்த பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி வரலாற்றுப் பொக்கிஷம்; ஆனால் பீத்தோவனை முதன்முதலாகக் கேட்க வருபவருக்கு அதைச் சிபாரிசு செய்ய முடியாது. 2011இல் தொடங்கிய நேஷனல் ஜூக்பாக்ஸில் உள்ள விக்டர் நிறுவனத் தட்டுகளும் பெரும்பாலும் இந்தப் புனல் யுகத்தைச் சேர்ந்தவையே.

அதனால்தான் இரண்டாவது வழி முக்கியமாகிறது: காசு திரட்டிப் புதிதாகப் பதிவுசெய்து, உரிமையை அப்போதே துறந்துவிடுவது. ஆரன் டன் 2005இல் நிறுவிய மியூசோப்பன், 2010இல் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 11,000 டாலர் கேட்டது. கிடைத்தது 68,000 டாலருக்கும் மேல். அந்தப் பணத்தில் இசைக்குழுவை அமர்த்திப் பதிவுசெய்தவை 2012இல் பொதுவாயின. ஷோப்பனின் படைப்புகளுக்காக 2013இல் மறுபடியும் நிதி திரட்டினார்கள்.

இவ்வகையில் மிகச் சிறந்தது 2012இல் வந்த ‘ஓப்பன் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்’ என்றே சொல்ல வேண்டும். பாஹின் ‘கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்’ படைப்பை ஜெர்மன்-ஜப்பானியப் பியானோ கலைஞர் கிமிகோ இஷிசாகா பெர்லினில் வாசித்தார். மியூஸ்ஸ்கோர் மென்பொருளில் புதிதாகத் தயாரித்த இசைக்குறிப்பும் கூடவே வெளியானது. இரண்டுக்கும் எந்த நிபந்தனையும் இல்லை. இலவசம் என்பதற்காகச் சகித்துக்கொண்டு கேட்க வேண்டிய வாசிப்பும் அல்ல அது. 2015இல் பாஹின் ‘வெல்-டெம்பர்ட் கிளாவியர்’ முதல் தொகுதியையும் அவர் அப்படியே கொடுத்தார்.

உரிமை தீர்ந்தாலும் தொல்லை தீர்வதில்லை. ஒரே சொனாட்டாவை நூறு பேர் வாசித்தாலும் சுரங்கள் அவையேதான். யூடியூபின் கன்டென்ட் ஐடி என்னும் தானியங்கிச் சோதனைக்கு ஒருவர் வாசிப்பையும் மற்றவர் வாசிப்பையும் பிரித்தறிவது கடினம். ஜெர்மானிய இசைப் பேராசிரியர் உல்ரிக் கைசர், தம் நாட்டுச் சட்டப்படி விடுதலையாகிவிட்ட ஷூபர்ட், வாக்னர் முதலியோரின் இசைப்பதிவுகளை மாணவர்களுக்காக யூடியூபில் ஏற்றியபோது உரிமைக் கோரிக்கைகள் அடுத்தடுத்து வந்தன. ஒவ்வொன்றையும் மறுத்து எழுத வேண்டியிருந்த அனுபவத்தை அவர் 2018இல் கட்டுரையாக வெளியிட்டார். இப்பதிவுகளைத் தம் காணொளியில் சேர்க்க நினைப்பவர்கள் இசையமைப்பாளர் இறந்த ஆண்டு, பதிவு வெளியான ஆண்டு, காப்பகப் பக்கத்தில் உள்ள உரிமக் குறிப்பு ஆகிய மூன்றையும் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. மறுப்பு எழுதும்போது அவைதான் ஆதாரம்.