ஈடர் வாத்து: கூட்டைக் காத்தவர்களும் சுட்டுத் தீர்த்தவர்களும்

ராஜபாளையத்தில் பஞ்சு என்றதும் நினைவுக்கு வருவது நூற்பாலைகள். 1936-ல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கியது முதல் பஞ்சும் நூலும் இந்த ஊரின் பிழைப்போடு கலந்துவிட்டன. ஆனால் பருத்திச் செடியே வளராத குளிர்நாடுகளில் மக்கள் பஞ்சுக்கு எங்கே போனார்கள் தெரியுமா? ஒரு வாத்தின் கூட்டுக்கு!

அந்த வாத்தின் பெயர் ஈடர். வட துருவத்தை ஒட்டிய கடல்களில் வாழும் கடல் வாத்து இது. எடை சுமார் இரண்டு கிலோ. நம் கண்மாய் வாத்துகளைப் போல நீரின் மேல்மட்டத்தில் மேய்வதில்லை. கடலின் அடிவரை முங்கிப் போய், பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பிகளைப் பறித்து ஓட்டோடு விழுங்கும். ஓட்டை நொறுக்குவது அதன் வலுவான இரைப்பையின் வேலை!

முட்டையிடும் காலத்தில் கரைக்கு வரும். பெட்டை தன் நெஞ்சில் இருக்கும் மெல்லிய இறகுப் பஞ்சால் கூட்டுக்கு மெத்தை போடும். நான்கைந்து முட்டைகளை இட்டு, சுமார் 25 நாட்கள், ஏறக்குறைய இரையே எடுக்காமல் அடைகாக்கும். குஞ்சுகள் பொரித்ததும் தாய் அவற்றைக் கடலுக்கு அழைத்துப் போய்விடும். கூட்டில் மிஞ்சும் பஞ்சுதான் மனிதனுக்குக் கிடைத்த செல்வம். எடை மிகக் குறைவு, கதகதப்போ மிக அதிகம்.

இந்தப் பறவையைக் காத்த வரலாறு மிகப் பழையது. இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள ஃபார்ன் தீவுகளில் 7-ஆம் நூற்றாண்டில் கத்பர்ட் என்ற துறவி வாழ்ந்தார். ஈடர் வாத்துகளை யாரும் துன்புறுத்தக் கூடாது என்று அவர் தடுத்ததாகச் சொல்வார்கள். அந்த வட்டாரத்தில் இன்றும் அவர் பெயரைச் சுருக்கியே வாத்தையும் அழைக்கிறார்கள்.

நார்வேயின் வேகா தீவுகளில் மக்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கல்லாலும் பலகையாலும் வாத்துகளுக்குச் சிறு சிறு வீடுகளே கட்டிக் கொடுத்தார்கள்! இந்த வேலையில் பெரும்பங்கு பெண்களுடையது. 2004-ல் யுனெஸ்கோ இந்தத் தீவுகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

ஐஸ்லாந்தில் இந்த வாத்தைச் சுடுவது 19-ஆம் நூற்றாண்டிலேயே சட்டப்படி தடை செய்யப்பட்டுவிட்டது. உழவர்கள் நரியையும் காக்கையையும் விரட்டிக் காவல் இருப்பார்கள். பஞ்சை எடுத்தால் அந்த இடத்தில் வைக்கோலை வைத்துவிட்டு வருவார்கள். சுமார் 60 கூடுகளில் சேர்த்தால்தான் ஒரு கிலோ பஞ்சு கிடைக்கும். உலகில் சேகரிக்கப்படும் ஈடர் பஞ்சில் பெரும்பகுதி இன்றும் அங்கிருந்துதான் வருகிறது.

இதே வாத்துக்கு வட அமெரிக்காவில் நேர்ந்தது வேறு. கனடாவின் லாப்ரடார் கரையில் முட்டைகளை அள்ளினார்கள், தாய்ப் பறவையைச் சுட்டார்கள். 1833-ல் அங்கு போன பறவை ஓவியர் ஆடுபான் இந்த அழிவை நேரில் கண்டு எழுதி வைத்தார். 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் பல இடங்களில் கூடுகளே இல்லாமல் போயின. 1916-ல் அமெரிக்காவுக்காகவும் கனடாவுக்காகவும் வலசைப் பறவை ஒப்பந்தம் வந்த பிறகுதான் ஈடர் மெல்ல மீண்டது. அதன் உறவான லாப்ரடார் வாத்துக்கு அந்த வாய்ப்பும் கிடைக்கவில்லை. 1875-ல் நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் சுடப்பட்டதே அந்த இனத்தின் உறுதியான கடைசிப் பதிவு.

ஒரே பறவைக்கு ஏன் இரண்டு விதி? ஐஸ்லாந்து உழவருக்கு உயிரோடு இருக்கும் வாத்து ஆண்டுதோறும் வருமானம். லாப்ரடாருக்குக் கப்பலில் வந்து போனவர்களுக்கோ அது ஒரு நாள் லாபம். அடுத்த ஆண்டு அங்கே வாத்து இருக்குமா என்ற கவலை அவர்களுக்கு இல்லை!

தமிழ்நாட்டிலும் இதற்கு நல்ல சான்று உண்டு. பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்பதை வேடந்தாங்கல் மக்கள் அறிந்திருந்தார்கள். பறவைகளைச் சுட வருபவர்களைத் தடுக்கும் உரிமையை 1798-ல் கலெக்டர் லயனல் பிளேசிடமிருந்து எழுத்தாகவே வாங்கினார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் வாழும் சாம்பல் நிற அணிலுக்காக 1988-ல் சரணாலயம் அமைந்தது. 2021-ல் அந்தக் காடு ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியானது. கிளைகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொள்ளும் மரங்களின் உச்சியில்தான் இந்த அணில் கூடு கட்டும். மரம் விழுந்தால் அதன் பாதையும் போய்விடும். அணில் பஞ்சு தராது, உரமும் தராது. ஆனால் அது வாழும் மலைக்காட்டில் ஊறும் நீர்தான் அய்யனார் கோவில் ஆறாக இறங்கி ராஜபாளையத்தின் தாகத்தைத் தீர்க்கிறது. அணிலின் மரத்தைக் காப்பவர் தன் வீட்டுக் குடத்தையும் காக்கிறார்.

ஈடரின் கதை இன்னும் முடியவில்லை. 2015 முதல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் அது அச்சுறுத்தலை நெருங்கிய இனமாக உள்ளது. நோயும் மாறிவரும் கடலும் புதிய எதிரிகள். நரியை விரட்டக் கரையில் காவல் இருக்கலாம், கடலுக்கு யார் காவல் இருப்பது?